சிவாஜிநகர் பாய் கடையில் ஆட்டுத்தலை: ஒரு மாட்டு டாக்டரின் மதிப்பீடு

பெங்களூரில் தலைக்கறி வாங்க எந்தக் கடை என்று கேட்டால், சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் பாய் கடையைத்தான் சொல்வேன். போர்டு கிடையாது. வாசலில் பிளாஸ்டிக் டப்பில் தலைகள் கிடக்கும், அதுதான் அடையாளம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கே நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஆட்டு மண்டையைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாணயம். இந்த ஊர்க் கறிக்கடைகளில் தொங்குவது பெரும்பாலும் செம்மறி. "வெள்ளாடா பாய்?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் "ஆமா சார்" என்றுதான் பதில் வரும், குழம்பு கொதிக்கும்போது வாசனை வேறு கதை சொல்லும். தொடைக்கறியை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். தலையில் அந்த ஜம்பம் பலிக்காது. கண்ணுக்கு முன்னால், மூக்கை நோக்கிப் போகும் எலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். செம்மறிக்கு அங்கே ஒரு குழி இருக்கும், கண்ணடிச் சுரப்பி உட்காரும் இடம். வெள்ளாட்டுக்கு அது கிடையாது, வழவழவென்று போகும். இந்த பாய் நான் வாயைத் திறப்பதற்குள், "வெள்ளாட்டுத்தலை ரெண்டுதான் இருக்கு டாக்டர், மிச்சமெல்லாம் குரி" என்றார். குரி என்றால் கன்னடத்தில் செம்மறி. டப்பில் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினேன். சொன்னது சரி.

உதட்டை விலக்கிப் பல்லையும் காட்டுவார். காசு கொடுத்து வாங்குகிற ஆடு, பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் தப்பில்லை. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கெட்டி ஈறுதான். கீழே எட்டு. நடு இரண்டு மட்டும் அகலமாக, மற்றதெல்லாம் பொடிப் பால்பல்லாக இருந்தால் ஒன்று, ஒன்றரை வயசு. தலைக்கறிக்கு அதுதான் பதம். எட்டும் மாறியிருந்தால் நாலு வயசை எட்டிய ஆடு. எத்தனை விசில் விட்டாலும் நாக்கு ரப்பர்தான்.

ஆனால் இந்தக் கடைக்கு நான் போவது வெட்டுக்காக. வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு ஆப்பில் தலை வாங்கியிருக்கிறேன். மெஷினில் கொடுத்துச் சதுரம் சதுரமாக அறுத்திருந்தார்கள், துண்டுக்குத் துண்டு பல் சில்லு. பாய் எலும்பில் கத்தி வைப்பதில்லை, மூட்டில் வைக்கிறார். வாயோரத்திலிருந்து கன்னத்தசையை இருபுறமும் கீறி, கீழ்த்தாடையைப் பிடித்துப் பின்னால் ஒரு மடக்கு. 'டக்'கென்று கழன்று வருகிறது. ஆட்டின் தாடை மூட்டு தட்டையானது, பக்கவாட்டில் அரைத்து அசைபோட அதுதான் தோது. நாயின் தாடை மேலும் கீழும்தான் போகும், மூட்டுக்குப் பின்னால் ஒரு எலும்பு முட்டுக்கொடுத்து நிற்கும். இவ்வளவு லேசில் வராது. அடுத்து நாடியில் கத்திமுனையை வைத்து ஓர் அழுத்து, தாடை இரண்டாகப் பிரிகிறது. அந்த இடம் ஆட்டுக்கு முழுசாக எலும்பாகி ஒட்டுவதில்லை. குதிரைக்கும் பன்றிக்கும் சின்ன வயசிலேயே ஒட்டிவிடும். பாய் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை, அப்பாவிடம் கற்றதாம்.

மூளைக்குக் கொம்புக்குப் பின்பக்கம் சுற்றிலும் மெல்லத் தட்டி மண்டையோட்டைப் பெயர்க்கிறார், மூளை முழுசாக வருகிறது. மூக்கைப் பிளந்து உள்ளே இருக்கும் சுருள் எலும்பையும் சளியையும் வழித்துப் போடுகிறார். இதை மட்டும் எந்தக் கடையிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆட்டு மூக்கில் ஒருவகை ஈ புழுவை இட்டுவிட்டுப் போகும், அது நெற்றி அறை வரை ஏறி வளரும். புழு தெரிந்தால் காட்டிவிட்டு வேறு தலை எடுத்துத் தருகிறார்.

குறையும் உண்டு. கேஸ் டார்ச்சில்தான் சுடுகிறார். விறகில் வாட்டும் மணம் வராது, காதுக்குள் மயிர் தங்கிவிடுகிறது. கடைவாய்ப் பற்களைக் கேட்டால்தான் எடுப்பார். அப்புறம், கொம்பை முதலில் வெட்டிவிட்டுத்தான் தண்ணீரில் போடுகிறார். கொம்புக்குள் இருக்கும் எலும்பு பொந்து, நெற்றி அறையோடு சேர்ந்தது. டப்புத் தண்ணீர் நேராக உள்ளே போகும். கழுவிய பிறகு வெட்டச் சொன்னேன். "சரி டாக்டர்" என்று தலையாட்டினார். அடுத்த முறை போனபோதும் முதலில் கொம்பில்தான் கத்தி விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் போனால் வெள்ளாட்டுத்தலை கிடைக்காது. சுட்டு வெட்டித் தர அரைமணி நேரமாகும், நிற்கத்தான் வேண்டும், உட்கார இடமில்லை. ஜிபே வாங்குகிறார். நாலு ஸ்டார், ஒன்று குறைத்தது கொம்புக்காக.