அளவு சொல்லத் துருக்கி மொழியில் கதரா, திக்ச்சேயா?

துருக்கி மொழியில் அளவையும் விகிதத்தையும் சொல்லப் பெரிதும் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று ‘கதர்’ என்ற தனிச்சொல். இன்னொன்று வினையோடு ஒட்டும் ‘திக்ச்சே’ விகுதி. தமிழ் பேசுகிறவர் இந்த விகுதியில் தொடங்குவதே நல்லது என்பேன்.

‘கித்’ என்றால் போ. ‘கித்திக்ச்சே’ என்றால் போகப் போக. நாம் சொல்லும் அதே பொருளில்தான் அவர்களும் சொல்கிறார்கள். அடுப்பில் இரட்டைக் கெண்டி ஏறியிருக்கும்போது, ‘சாய் தெம்லென்திக்ச்சே கொயுலாஷியோர்’ என்பார்கள்: தேநீர் ஊற ஊறச் சாயம் ஏறுகிறது. ‘படிக்கப் படிக்க’ என்பதில் நான், நீ என்று ஆள் காட்டும் ஈறு இல்லை அல்லவா, இதிலும் இல்லை. முன்னால் வரும் ஒலிக்கேற்ப விகுதி எட்டு வடிவம் எடுக்கும் (படிக்கப் படிக்க என்பது ‘ஒகுதுக்ச்சா’). அது காதுக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

கதரில்தான் கவனம் வேண்டும். அரபியிலிருந்து வந்த சொல், பொருள் அளவு. ‘தா கதர்’ மலையளவு. ‘பெனிம் கதர்’ என் அளவுக்கு. சரி, ‘அக்ஷமா கதர்’? மாலை வரை! ‘அக்ஷம்’ என்ற சொல்லில் நான்காம் வேற்றுமை ஏறியதுமே அளவு எல்லையாகிவிட்டது. ‘பெஷ் கதர்’ சுமார் ஐந்து, ‘பெஷே கதர்’ ஐந்து வரை. நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘ஏ’. அதை விழுங்கிவிட்டால் பொருளே மாறிவிடும்.

ஆனால் இரண்டு அளவுகளைத் தராசில் எதிரெதிரே வைக்கக் கதரை விட்டால் வேறு நல்ல வழியில்லை. ‘நே கதர் எக்மெக், ஓ கதர் கொஃப்தெ’ என்று ஒரு வழக்கு: எவ்வளவு ரொட்டியோ அவ்வளவு கறி உருண்டை. நம் ‘காசுக்கேத்த தோசை’தான். திக்ச்சே இப்படி நிறுத்துப் பார்க்காது. ஒன்று நடக்க நடக்க இன்னொன்றும் கூடவே நடக்கிறது என்று மட்டும் சொல்லும்.

அப்புறம், நம் அடுக்குத்தொடர் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. ‘கெல்திக்ச்சே’ வர வர, அல்லது வரும்போதெல்லாம். அதையே எதிர்மறையாக்கி ‘கெல்மெதிக்ச்சே’ என்றால் ‘வராதவரை’. இங்கே மட்டும் தமிழில் நாம் ‘வரை’யைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது; துருக்கியர் அதே விகுதியிலேயே முடித்துவிடுகிறார்கள்.