ஸ்டூடியோவா, சுதந்திர சதுக்கமா, வீட்டு விறாந்தையா? கொழும்பில் குடும்பப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

எட்டுப் பேருக்கு மேல் என்றால் ஸ்டூடியோ. நாலைந்து பேர் என்றால் வெளியிடம் பரவாயில்லை. படியேற முடியாத ஒருவர் இருந்தால் வீடு. முடிவு இவ்வளவுதான், காரணங்கள் கீழே.

கணக்குக்கு 14 பேர் உள்ள குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அம்மம்மா, தாத்தா, மூன்று பிள்ளைகளும் அவர்களின் துணைகளும், பேரப்பிள்ளைகள் ஆறு பேர். இதில் பாதிப் பேர் டொரன்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மூன்று கிழமை லீவில் வந்தவர்கள். திரும்ப எடுப்போம் என்று சொல்ல வழியில்லை. சுவரில் பெரிதாக மாட்டக்கூடிய ஒரு படம் கட்டாயம் வேண்டும். மற்றதெல்லாம் மேலதிகம்.

வெளியிடத்தின் கவர்ச்சியை விளக்கத் தேவையில்லை. சுதந்திர சதுக்கத்தின் கல் தூண்கள், விகாரமகாதேவி பூங்காவின் பெருமரங்கள், எதிரே வெள்ளை வெளேரென்று நகர மண்டபம், காலிமுகத்திடலில் கடல். பிரச்சினை இடத்தில் இல்லை, நேரத்தில். கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி, அப்படியே இறங்கும். முகத்துக்கு இதமான சாய்ந்த வெளிச்சம் பின்னேரத்தில் முக்கால் மணித்தியாலம் கிடைத்தால் பெரிய விசயம். நவம்பரில் சூரியன் 5.50 அளவில் மறையும், ஜூலையில் 6.30 அளவில். அதற்குப் பிறகு இருபது நிமிடத்தில் இருட்டு. 14 பேரை வாகனத்திலிருந்து இறக்கி, சாரி மடிப்பைச் சரிசெய்து, ஓடிப்போன சின்னவனைப் பிடித்து வருவதற்குள் அதில் பாதி போய்விடும். மதியம் எடுக்கலாமே என்றால், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கண்குழிகள் இரண்டும் கறுத்துப்போகும்.

காலிமுகத்திடலில் இன்னொரு சிக்கல். கடல் மேற்கே. கடலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின்னேரச் சூரியன் கமராவுக்குள் விழும், முகங்கள் கறுக்கும். முகத்தைக் கடல் பக்கம் திருப்பினால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள், பின்னணியில் கடலும் இராது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சாரித் தலைப்பு கொடிபோலப் பறக்கும், உப்பு நீர்த்துளி லென்ஸில் படியும். அங்கே எடுப்பதானால் காலை ஏழு மணிக்குப் போங்கள். சூரியன் நகரத்தின் பக்கமிருந்து வரும், கடலும் பின்னணியில் தெளிவாக விழும். பூங்காவில் வேறு விதம்: இலைகளூடாக வடியும் வெளிச்சமும் புல்லிலிருந்து எழும் வெளிச்சமும் பச்சை. தாடைக்குக் கீழே அந்தப் பச்சை ஏறினால் மாநிறத் தோல் நோயாளிபோலத் தெரியும். ஒரு முகத்தில் அதைத் திருத்துவது லேசு. 14 முகங்களில், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவில் என்றால் திருத்துபவர் சலித்துப்போவார்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வரும். அந்த மாதங்களில் பின்னேரத்துக்கு முற்பணம் கட்டுவது சூதாட்டம். மழை வந்தால் வேறு நாள் தருவாரா, முற்பணம் போய்விடுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில பொது இடங்களில் கமராவும் ஆட்களுமாய்ப் போய் இறங்கினால் அனுமதி கேட்பார்கள். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதையும் பேசிவையுங்கள்.

இனி ஸ்டூடியோ. ஏசி, முகம் வியர்க்காது, கழிப்பறை உண்டு, மழையில்லை. இவையெல்லாம் தெரிந்ததுதான். தீர்ப்பைச் சொல்வது வேறொன்று: அங்கே வெளிச்சம் அசையாது. முதலாவது படத்துக்கும் முப்பதாவது படத்துக்கும் ஒரே வெளிச்சம், ஒரே நிறம், முக்காலியில் ஒரே இடத்தில் கமரா. கூட்டுக் குடும்பப் படத்தில் இதன் பெறுமதி என்னவென்பது கண் சிமிட்டலில் தெரியும்.

ஒரு கூட்டத்தில் ஒருவரும் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை தடவை எடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் அரச அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் இருவர் கணக்குப் போட்டார்கள். அதற்கு 2006 இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிப்புக்கான பரிசுதான், கணக்கு சரியானது. இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் தொகையை மூன்றால் வகுங்கள், குறைந்த வெளிச்சத்தில் இரண்டால். 14 பேருக்கு ஐந்து அல்லது ஏழு படம். ஆனால் அது கண்ணுக்கு மட்டுமான கணக்கு. ஒரு பேரன் மூக்கைத் தோண்டுவதும், தாத்தா பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ கேட்பதும் அதில் சேராது. மூன்று வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இருந்தால் எல்லோரும் ஒருசேரச் சரியாய் இருக்கும் படம் ஒன்றும் கிடைக்காமலே போகலாம்.

அங்கேதான் தலை மாற்றுவது கைகொடுக்கும். ஒன்பதாவது படத்தில் எல்லோரும் நன்றாக இருக்க, தாத்தா மட்டும் கண் மூடியிருக்கிறார் என்று வையுங்கள். பதினோராவது படத்திலிருந்து அவருடைய தலையை எடுத்து ஒட்டிவிடலாம். வெளிச்சமும் கோணமும் ஒன்றென்பதால் கழுத்தோரம் தடம் தெரியாது, பத்து நிமிட வேலை. வெளியிலும் செய்யலாம், அடுத்தடுத்த நொடிகளில் எடுத்த படங்களாக இருந்தால். ஐந்து நிமிடம் தள்ளிப்போனால் ஒரு முகத்தில் மஞ்சள் கூடியிருக்கும், மூக்கின் நிழல் இடம் மாறியிருக்கும். ஒட்டு வேலை ஒட்டு வேலையாகவே தெரியும்.

அசையாத வெளிச்சத்தோடு சேர்ந்து வருவது தெளிவின் ஆழம், அதாவது முன்னிருந்து பின்னாக எவ்வளவு தூரம் கூர்மையாக விழும் என்பது. வெளியிடப் படங்களில் பின்னணி மங்கி அழகாகத் தெரிவது, லென்ஸை அகலத் திறந்து எடுப்பதால். அந்தத் திறப்பைக் குறிப்பது எஃப் எண்: எண் சிறிதானால் திறப்பு பெரிது. முழுச் சட்டகக் (ஃபுல் ஃபிரேம்) கமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 இல் திறந்து ஏழு மீட்டரில் நின்று எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 70 செ.மீ. தரையில் பிள்ளைகள், கதிரையில் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள் என்று மூன்று வரிசை அதற்குள் அடங்காது. கைபேசியில் பார்க்கும்போது தெரியாது. 20க்கு 30 அங்குலத்தில் அச்சடித்ததும் பின்வரிசை மருமகனின் கண் மசமசவென்று கிடக்கும். அதையே எஃப் 8 இல் எடுத்தால் ஆழம் மூன்று மீட்டரைத் தாண்டும். எஃப் 8 க்கு நிறைய வெளிச்சம் வேண்டும். ஸ்டூடியோ ஃபிளாஷ் அதை, கமராவின் ஒளியுணர்வைக் கூட்டாமல், ஐ.எஸ்.ஓ. 100 இலேயே தரும். பின்னேரம் ஆறு மணிக்கு மர நிழலில் அதே எஃப் 8 க்கு ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏற்ற வேண்டி வரும், நிழற்பகுதிகள் பொரிப்பொரியாய்க் கிளம்பும்.

இப்படிச் சொன்னதால் எந்த ஸ்டூடியோவும் சரி என்று நினைக்க வேண்டாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல அறைகள் பாஸ்போட் படத்துக்கும் தம்பதிகளுக்கும் அளவானவை. கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல, அறையின் நீளம். 14 பேருக்கு இருபுறமும் இடம்விட்டு நாலு மீட்டர் அகலம் படத்தில் விழ வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் அதற்கு ஐந்தரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பின்திரையில் நிழல் விழாதிருக்க ஒன்றரை மீட்டர், படமெடுப்பவர் நிற்க ஒரு மீட்டர். ஆக எட்டு மீட்டர், 26, 27 அடி. இல்லாத அறையில் 24 மி.மீ. அகல லென்ஸை மாட்டிச் சமாளிப்பார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தெரிவது அதனால்தான். சித்திக்குக் கோபம் வரும், நியாயமான கோபம்.

இரண்டாவது கேள்வி பின்திரையின் அகலம். 2.72 மீட்டர் தாள் சுருள்தான் அதிகம் புழங்குவது. அது பின்னால் தள்ளியிருப்பதால் கமராவுக்கு இன்னும் ஒடுங்கித் தெரியும், ஐந்து பேருக்கு மேல் தாங்காது. 3.55 மீட்டர் தாளும் 14 பேருக்குப் போதாது, நிறம் பூசிய முழுச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, விளக்கை எங்கே வைக்கிறார்கள் என்பது. ஒரு பக்கத்தில் இரண்டு மீட்டரில் வைத்தால், மறுகோடியில் ஐந்து மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு வெளிச்சம். பெரிய குடை விளக்குகள் கமராவின் இருபுறமும், உயர்த்தி, தள்ளி இருக்க வேண்டும். அவர்கள் முன்பு எடுத்த பத்துப் பன்னிரண்டு பேர் படமொன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு ஓரத்து முகங்களையும் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும். லிஃப்ட் உண்டா, எத்தனை படி என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

வீடு, சுருக்கமாக. அம்மம்மா சக்கர நாற்காலியில் என்றால் வேறு யோசனை வேண்டாம். ஃபிளட்டின் ஹோல் பெரும்பாலும் சிறிது, எட்டுப் பேருக்கு மேல் நெருக்கடி. வெள்ளைக் கூரை இருந்தால் ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பலாம். கூரையோ சுவரோ ரோஜா, பச்சை என்றால் அந்த நிறம் முகத்தில் ஏறும். ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப் லைட்டைக் கலக்காதீர்கள், எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். சாமிப்படங்களின் கண்ணாடியில் ஃபிளாஷ் தெறிக்கிறதா என்று முதல் படத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முற்றமோ விறாந்தையோ உள்ள பழைய வீடு வாய்த்தவர்களுக்கு இந்தக் குறைகள் பாதி இல்லை. ஐந்தாறு பேருக்கு, காலை ஒன்பது மணி விறாந்தை வெளிச்சம் எந்த ஸ்டூடியோவுக்கும் சளைத்ததல்ல.

எங்கே எடுத்தாலும் பிழையாகிப்போகிற சில விசயங்கள் உண்டு. ஏசி வாகனத்திலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஈரம் பூக்கும், தெளியக் கால் மணித்தியாலம் போகும். வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி போடும் தாத்தா வெளியிடப் படத்தில் கறுப்புக் கண்ணாடியோடுதான் இருப்பார். ஸ்டூடியோவுக்கு வந்தாலும் அது தெளிய ஐந்து பத்து நிமிடம் உள்ளே இருக்க விடுங்கள். வெயிலுக்குப் பூசும் கிறீமும் வெள்ளைப் பவுடரும் ஃபிளாஷில் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். திருநீறு மெல்லிய கோடாக இருந்தால் அழகு, நெற்றி முழுக்க அப்பினால் பவுடர்போலத்தான் தெரியும். நெருக்கமான சிறு கோடு, சிறு கட்டம் போட்ட சேர்ட் படத்தில் அலையலையாக மின்னும். எல்லோரும் ஒரே நிறத்தில் வரும் இப்போதைய வழக்கத்தைவிட, ஒரு பட்டுச் சாரியை வைத்து அதன் உடலிலும் கரையிலும் உள்ள இரண்டு மூன்று நிறங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக்கொடுப்பது வடிவாக இருக்கும்.

நேரத்தைச் சின்னப்பிள்ளையின் நித்திரைக்கு ஏற்ப எடுங்கள், படமெடுப்பவரின் வசதிக்கு ஏற்ப அல்ல. தூங்கி எழுந்து, சாப்பிட்டு அரைமணி கழித்து. முழுக் குடும்பப் படம் முதலில், பத்து நிமிடத்துக்குள். கைப்பிடி இல்லாத, ஒரே உயரக் கதிரைகள் நாலு நடுவில்: அம்மம்மா, தாத்தா, இருபுறமும் மகள்மார். பின்னால் ஆறு பேர், தோளைச் சற்றுத் திருப்பி. சின்னவர்கள் நாலு பேர் தரையில். அது முடிந்ததும் பேரப்பிள்ளைகளோடு அம்மம்மா, தாத்தா. அதன் பிறகு சின்னவர்களை வெளியே விட்டுவிட்டுத் தனித்தனிக் குடும்பங்கள். எந்தெந்தக் கூட்டணி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, குரல் உள்ள ஒரு மாமாவிடம் கொடுத்துவிடுங்கள். கைபேசியில் பக்கத்தில் நின்று எடுக்கும் உறவினரை அன்பாக உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் அவரைப் பார்ப்பார்கள்.

மாட்டப்போகும் படச்சட்டத்தின் அளவைப் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கமராப் படம் பெரும்பாலும் மூன்றுக்கு இரண்டு விகிதம். 12க்கு 18, 16க்கு 24, 20க்கு 30 அங்குலத்தில் அப்படியே பொருந்தும். 16க்கு 20 என்று கேட்டால் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும், ஓரத்து ஆளின் தோளோடு. சட்டம் போடுகிறவரிடம் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அட்டை இல்லாத படம் நாளடைவில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கப் போனால் முகம் கண்ணாடியோடு உரிந்து வரும்.