தெலுக் இந்தான் செம்பனை நாற்றங்கால்: கன்றுக்கு முன்னால் சான்றைப் பாருங்கள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் சிறுதோட்டக்காரர்களுக்குக் கன்று விற்கும் இந்த நாற்றங்காலில், கேட்டதும் விதைச் சான்றை எடுத்துக் காட்டுகிறார்கள். விதை எங்கே வாங்கியது, எந்தத் தொகுதி, எப்போது ஊன்றியது, எம்.பி.ஓ.பி. (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிமம், எல்லாம் உண்டு. விலை கொஞ்சம் கூடத்தான். கொடுக்கலாம்.

செம்பனைக் கொட்டையின் ஓடு தடிப்பதும் இல்லாமல் போவதும் ஒரே மரபணுவின் வேலை. டூரா என்ற வகையில் அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் தடித்த ஓட்டுக்கானவை. பிசிபெரா என்ற வகையில் இரண்டும் ஓடில்லாத வகை. இதில் ஒன்று, அதில் ஒன்று சேர்ந்தால் டெனெரா: மெல்லிய ஓடு, நிறையச் சதை, டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய். 1941இல் பெல்ஜிய காங்கோவில் தெளிவான இந்தக் கணக்கின் மரபணுவை, 2013இல் எம்.பி.ஓ.பி. ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கண்டுபிடித்தது.

டூரா தாய்க்குப் பிசிபெரா மகரந்தம் தூவினால் பிள்ளைகள் அத்தனையும் டெனெரா. பிசிபெராவின் குலை பெரும்பாலும் பிஞ்சிலேயே அழுகிவிடும் என்பதால் அது தகப்பனாக மட்டும்தான் பயன்படும்.

சிலர் டெனெரா மரத்தடியில் தானாக முளைத்ததைப் பிடுங்கிப் பையில் வைத்து, "நல்லா காய்க்கிற மரத்துக் கன்னு" என்று மலிவாகத் தருகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். சுற்றிலும் டெனெராவே நிற்கும் தோட்டத்தில் அந்த முளைகளில் பாதிதான் டெனெரா. கால்பங்கு டூரா, கால்பங்கு பிசிபெரா. ஹெக்டருக்கு 136 கன்று நட்டால் சுமார் 34 மரம் உரத்தைத் தின்றுவிட்டு மட்டையும் தண்டுமாக நிற்கும். இலையைப் பார்த்து எவராலும் பிரிக்க முடியாது. நட்டு 30 மாதம் போல ஆகிப் பழம் வந்து, குறுக்கே வெட்டினால்தான் தெரியும்: டெனெராவில் ஓட்டைச் சுற்றிக் கறுத்த நார்கள் புள்ளிப் புள்ளியாக வளையம் கட்டியிருக்கும், டூராவில் வளையம் இராது. பிறகு 25 வருடம் அதே மரம்தான்.

சான்றுள்ள விதையிலும் கலப்பு நேரலாம். பெண் பூவுக்குக் கட்டிய பைக்குள் மகரந்த வண்டு (1981இல் இங்கே கொண்டுவந்தது) நுழைந்து டெனெரா மகரந்தத்தை ஒட்டிவிட்டால், அதில் விளையும் விதையில் பாதி டூரா. பெரிய நடவு என்றால் இலைத் துண்டு அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு நாற்றங்கால்காரர் மறுக்கவில்லை.

கழிவு எடுப்பதிலும் கறார்: குட்டை, விறைத்து நிமிர்ந்தது, தலை தட்டையானது, சிற்றிலை பிரியாதது எதையும் வரிசையில் விடவில்லை. குறை ஒன்று உண்டு. பைகளுக்கு இடையே மூன்றடி இருக்க வேண்டும். பின்வரிசைகளில் நெருக்கியதால் கன்றுகள் ஒல்லியாக நெட்டி வளர்ந்திருக்கின்றன. நட்டதும் காற்றுக்குச் சாயும். முன்வரிசையில், அடித்தண்டு பருத்த 12 மாதக் கன்றாகக் கேளுங்கள். ஏற்றுவதற்கு முதல் நாளே தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஏற்றும்போது பையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். தண்டைப் பிடித்தால் மண்கட்டி உடைந்து வேர் அறுந்துவிடும்.