ஆபரேஷனுக்கு முன்பே தையல் ஆறுமா என்று கணித்துச் சொல்லும் காரைக்குடி கிளினிக்

காரைக்குடியில் புண் பராமரிப்புக்கென்றே ஒரு சிறிய கிளினிக் நடக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குத்தான் அங்கே கூட்டம் அதிகம். ஆனால் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துவிட்டு ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களையும் முன்கூட்டியே பார்க்கிறார்கள். தையல் ஒழுங்காகப் பிடிக்குமா, பிரிந்துவிடும் அபாயம் எவ்வளவு என்று கணித்துச் சொல்கிறார்கள். அந்த ஒரு சேவைக்காகவே இதை எழுதுகிறேன். செட்டிநாட்டுப் பக்கம் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆத்தாவுக்கு 67 வயது. வலது தொடையின் உட்புறத்தில் சர்கோமா என்ற, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்க் கட்டி. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் 25 தவணைகளாக 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுத்து, "ஐந்தாறு வாரம் கழித்து ஆபரேஷனுக்கு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இடைவெளியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

கிளினிக்கில் டாக்டர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. இடது தொடைத் தோலைச் சிட்டிகையாகப் பிடித்தார். எளிதாக எழுந்து வந்தது. வலது தொடையில் கரண்ட் பட்ட இடம் கருத்து, ரோமம் உதிர்ந்து வழவழவென்று இருந்தது. அங்கே பிடித்தபோது தோல் தனியாக வரவில்லை, அடியில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு தடிப்பாக வந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடத்தில் நிறம் திரும்பச் சற்று நேரம் பிடித்தது. என்னையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். கதிர்வீச்சு கட்டியை மட்டும் தாக்குவதில்லை. சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களையும், புண்ணை மூட நார் நெய்யும் செல்களையும் சேர்த்தே பலவீனப்படுத்துகிறது. படித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு புரிந்திருக்காது.

"அப்படியானால் ஏன் முன்னாலேயே கரண்ட் வைத்தார்கள்?" என்று கேட்டேன். மழுப்பாமல் பதில் சொன்னார். கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. கை கால்களில் சர்கோமா வந்தவர்களில், கதிர்வீச்சுக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நூற்றுக்கு 35 பேருக்குப் புண் சிக்கல் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு 17. ஆனால் பின்னால் வைத்தால் 66 கிரே வரை தேவைப்படும், பரப்பும் பெரிது, நாளடைவில் கால் இறுகிப்போகும் வாய்ப்பும் கூடுதல். புண் சிக்கலை ஆற்றிவிடலாம், இறுகிய காலை மீட்பது கடினம் என்பது கணக்கு. "ஆச்சி அந்த 35-இல் ஒருவரா, மீதி 65-இல் ஒருவரா என்று என்னால் சொல்ல முடியாது. தொடை, கட்டியின் அளவு, கதிர்வீச்சு, இவற்றை மாற்ற முடியாது. புகையிலை, சர்க்கரை, சத்துக்குறைவு, இவை மூன்றையும் மாற்றலாம்" என்றார். பொய்யான உறுதி ஒன்றும் கொடுக்காமல் செய்யக்கூடியதைப் பிரித்துச் சொன்ன அந்த நேர்மைக்காகவே நான் இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன்.

ஆத்தாவின் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c 8.6 சதவீதம், அதிகம்தான். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.0, அது 3.5-க்குக் கீழே போனால் புண் ஆறுவது தடுமாறும் என்றார்கள். ஆத்தா வெற்றிலையோடு புகையிலை போடுபவர். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், குறைந்தது நான்கு வாரமாவது விட்டிருக்க வேண்டும் என்று நர்ஸ் எடுத்துச் சொன்னார். மறுநாள் வெற்றிலைப் பெட்டியிலிருந்த புகையிலையை ஆத்தாவே எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டில்தான் பெரிய போராட்டம். முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாம் புண்ணுக்கு ஆகாது என்று பத்தியக் கஞ்சியிலேயே ஆத்தா உடம்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். உணவு ஆலோசகர் பத்தியத்தைப் பழிக்காமல், "ஆச்சி, தையல் ஒட்டுவதற்குப் புரதம் வேண்டும், கஞ்சியில் அது போதாது" என்று பொறுமையாகப் பேசினார். காலையில் இரண்டு முட்டை வெள்ளை, மதியம் மீன், மாலையில் சுண்டல் என்று எங்கள் அடுப்படிக்கு ஒத்துவருகிற பட்டியல் போட்டுக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முன் அல்புமின் 3.4-க்கு ஏறியது.

டாக்டர் அறுவை நிபுணருக்கு ஒரு கடிதமும் எழுதினார். கட்டியை எடுத்த குழியை வெறும் தையலால் இழுத்து மூடாமல், கதிர் படாத தசையை ரத்தக் குழாயோடு திருப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள், பிளாஸ்டிக் சர்ஜன் உடனிருந்தால் நல்லது என்று அதில் இருந்தது. அப்படியே செய்தார்கள்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் முதலில் பார்த்தது எங்கள் வீட்டு நிலைப்படிகளை. வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போக ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கிவைத்தால் தொடைத் தையல் இழுபடும் என்று கட்டிலை முகப்பு அறைக்கு மாற்றச் சொன்னார்.

கணித்தது ஓரளவு நடந்தது. மூன்றாவது வாரத்தில் தையலின் கீழ்க்கோடி விரல்நுனி அகலத்துக்குக் கருத்தது. விளிம்பு கருத்தால், தெளிநீர் கசிந்து துணி நனைந்தால், நாற்றமோ காய்ச்சலோ வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அட்டை கொடுத்திருந்தார்கள். படம் அனுப்பினேன், அன்றைக்கே வரச் சொல்லி, செத்த விளிம்பை நீக்கி, புண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் சிறு இயந்திரத்தைப் பொருத்தினார்கள். இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. வாசலில் மூன்று படிகள், சாய்தளம் கிடையாது. தொடையில் கட்டோடு வருகிறவர்களை நினைத்தாவது ஒன்று கட்ட வேண்டும். எச்சரிக்கை அட்டை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. ஞாயிறு விடுமுறை. இயந்திர வாடகை கையைக் கடிக்கும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சு முடிந்த வாரமே போய்விடுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் போனால் அவர்களால் செய்ய முடிவது குறைவு. எத்தனை கிரே, எந்த இடம், எப்போது முடிந்தது என்று எழுதிய கதிர்வீச்சு அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். செவ்வாய், வெள்ளி மாலைகளில் பெண் மருத்துவர் இருக்கிறார். புண்ணைக் காட்டக் கூச்சப்படும் பெண்களை அன்றைக்கு அழைத்துப் போகலாம்.