கருத்தரிப்பு மையத்தில் தொற்றுத் தடுப்பு: நாங்கள் கண்டது

சோதனைக் குழாய் முறைச் சிகிச்சைக்காக நாங்கள் சென்ற மையத்தில் எனக்கு முதலில் நம்பிக்கை அளித்தது, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை என்னோடு நிறுத்தாமல் என் கணவருக்கும் செய்த பிறகே சிகிச்சையைத் தொடங்கியதுதான்.

கருமுட்டை எடுத்த அன்று, ஸ்கேன் கருவியின் முனையைக் கிருமிநீக்கம் செய்து, புதிய உறையை என் கண்முன்னே பிரித்து மாட்டினார்கள். ஊசி யோனிச் சுவரைத் துளைத்தே சூலகத்தை அடைவதால், அங்குள்ள கிருமிகள் உள்ளே சென்று, அரிதாகவேனும், சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். காய்ச்சலோ அடிவயிற்று வலி அதிகரிப்பதோ தெரிந்தால் உடனே வர வேண்டும் என எழுதியும் கொடுத்தார்.

கருக்களை உறைய வைப்பதைப் பற்றி நானாகத்தான் கேட்டேன். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலும் வைரஸ்கள் அழிவதில்லை என்பதால், இருமுனையும் மூடிய மெல்லிய குழல்களில் கருக்களை வைப்பதாகவும், தொற்றுள்ளவர்களின் மாதிரிகளுக்குத் தனித் தொட்டி இருப்பதாகவும் ஆய்வகத்தார் கூறினர். இதைக் கேட்காதவர்களுக்கும் அவர்களே சொல்லியிருக்க வேண்டும்.

மனத்தை வருத்திய குறை ஒன்றுண்டு: எச்ஐவி பரிசோதனை முடிவை, வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி வரவேற்பு மேசையில் வாசித்தார்கள். முறையிட்ட பிறகு, அடுத்த முடிவுகளைத் தனி அறையில் தெரிவித்தார்கள்.