ஜார்ஜ் பென்சன்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

1943இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் பிறந்த ஜாஸ் கிட்டார் கலைஞரும் பாடகருமான பென்சனை முதன்முதலாகக் கேட்பவர்கள் முன்னால் இரண்டு ஆல்பங்கள்: 1966இல் பதிவான ‘குக்புக்’, 1976இல் வந்த ‘பிரீசின்’.

முதலாவதில் லோனி ஸ்மித்தின் ஆர்கனும் ரோனி கியூபரின் பாரிடோன் சாக்ஸபோனும் கூடவே வர, கிட்டார் மூச்சுவிடாமல் ஓடும். கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசை வாசனை தூக்கல். கொஞ்சம் முரட்டு வாசிப்புதான்.

‘பிரீசின்’ வழவழப்பு. அதில் அவர் பாடியது ஒரே பாட்டு, ‘திஸ் மாஸ்கரேட்’. தொடக்கத்தில் கிட்டாரில் விழும் ஒவ்வொரு சுரத்தையும் அதே நொடியில் வாயாலும் பாடுவார். கை முந்தியதா குரல் முந்தியதா என்று பிரிக்கவே முடியாது. அந்தப் பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. ஜாஸை விற்றுவிட்டார் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. இருக்கட்டும்.

குரலுக்காக வருபவர்கள் ‘பிரீசின்’ கேளுங்கள். கிட்டார் கற்பவர்களுக்கு, சந்தேகமே இல்லை, ‘குக்புக்’தான்.