ப்ளூ கட் கண்ணாடி: அப்பனும் பொண்ணும் 5 மாசம் போட்டுப் பார்த்தது

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். காலையில் 9 மணிக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா எழுந்திருக்க ராத்திரி 9 ஆயிடும். பொண்ணு பத்தாம் வகுப்பு. ஜூன் மாசம் தலைவலி, போர்டு மங்கலா தெரியுதுன்னா. டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். மெஷினில் முகத்தை வெச்ச ரெண்டாவது நிமிஷம் மைனஸ் 1.25ன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் கடைக்காரர் டிராயரைத் திறந்து ஊதா டார்ச்சை எடுத்தார்.

அந்த வித்தையை நீங்களும் பார்த்திருப்பீங்க. சாதா லென்ஸ் வழியா அடிச்சா அட்டையில் ஊதாப் புள்ளி விழும், ப்ளூ கட், அதாவது நீல வெளிச்சத்தைத் தடுக்கும்னு விக்கிற லென்ஸ் வழியா அடிச்சா விழாது. "போன் வெளிச்சமும் இப்படித்தான் சார் நின்னுடும். பாப்பா ராத்திரி எவ்வளவு நேரம் வேணா படிக்கலாம்." லென்ஸ் பளபளக்காம இருக்கப் பூசுற ஆன்டி-கிளேர் மட்டும்னா 1,100, ப்ளூ கட் 1,900. எனக்கும் ஒண்ணு சேர்த்து வாங்கினேன்.

ஃப்ரேமைக் குறை சொல்ல மாட்டேன். பொண்ணு ஒருநாள் அது மேலேயே உட்கார்ந்துட்டா, ஒண்ணும் ஆகலை. லென்ஸ்தான் லேசா மஞ்சள் அடிக்குது. பாஸ்போர்ட் போட்டோவில் நான் நீலத்தைக் கூட்டிக் கூட்டி, ஒருத்தர் "இன்னாண்ணா, ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி கீறேன்"னு திருப்பிக் கொடுத்துட்டார். சாயந்திரம் வர்ற கண் எரிச்சல் மட்டும் நேரம் தவறாம வந்தது.

பொண்ணு விஷயம் இன்னும் மோசம். கண்ணாடி இருக்குங்கிற தைரியத்தில் 11 மணிக்குத் தூங்கினவ 12:30 ஆக்கிட்டா. 5:30க்கு டியூஷனுக்கு எழுந்திருக்கணும். லைட்டை அணைச்சுட்டு, போர்வைக்குள்ளே, ஒரு சாண் தூரத்தில் போன்.

தலைவலி விடலை. தீபாவளி லீவில் ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, உட்கார வெச்சு, அப்புறம் பார்த்தா மைனஸ் 0.75தான்! பசங்க கண் உள்ளுக்குள்ளே இறுக்கிப் பிடிச்சுக்குமாம். மருந்து விட்டாத்தான் அந்தப் பிடி தளர்ந்து நிஜ பவர் தெரியுமாம். டாக்டரம்மா பொண்ணுகிட்ட கேட்ட முதல் கேள்வியே "எத்தனை மணிக்குத் தூங்குறே?" இந்த வயசுக்கு 8லிருந்து 10 மணி நேரம் வேணும், இவ தூங்கினது 5. தூக்கம் கெட்டாலே பவர் ஏறும்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம். ஆனா கிட்ட வெச்சே பார்க்கிறதும், வெளியே போகாம இருக்கிறதும் ஏத்துமாம். எரிச்சலுக்குக் காரணம், திரையைப் பார்க்கிறப்போ இமைக்க மறந்துடறோம், அவ்வளவுதான். தினம் 2 மணி நேரம் வெளியே இருக்கணும்னாங்க. "வேலூர் வெயில்லயா மேடம்?" "மர நிழல் போதும்."

வீட்டுக்கு வந்து தேடினேன். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுற காக்ரேன் அமைப்பு 2023ல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்காங்க. கண் சோர்வுக்கு இந்த லென்ஸால் பெருசா பலன் தெரியலை. அந்த டார்ச் வெளிச்சத்தோட அலைநீளம் 405 நானோமீட்டர், போன் திரையின் நீலம் 450 பக்கம். ரெண்டும் வேற! வித்தைக்குன்னே ஒரு டார்ச்.

இப்போ அதே ஃப்ரேமில் பவர் மாத்தி, வெறும் ஆன்டி-கிளேர் போட்டாச்சு. போன் 10 மணிக்கு ஹாலில் சார்ஜருக்குப் போயிடும். முதல் வாரம் பொண்ணு என்கிட்ட பேசவே இல்லை. என்னோட கண்ணாடி போட்டோ கட்டர் பக்கத்தில் கிடக்கு.

ஃப்ரேமுக்கு 4 ஸ்டார், லென்ஸுக்கு 1. அந்த 800 ரூபாயை மிச்சம் பிடிங்க. பசங்களுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்காம மட்டும் பவர் போடாதீங்க.